மூலையில் சாத்திய கம்பு

பென்னாகரத்துக்காரன் நான். சிறுவர் சீர்திருத்தப் பள்ளி ஒன்றில் இரவுக் காவலராக இருந்தேன். முதல் நாளே மூத்த காவலர் ஒருவர் என் கையில் கம்பைத் திணித்தார். நான் அடித்த பையன் மறுநாள் சோற்றுத் தட்டை என்மேல் வீசினான். நெற்றித் தழும்பு இன்னும் இருக்கிறது. கம்பை மூலையில் சாத்தினேன். விளக்கணைத்ததும் ஒகேனக்கல் பரிசல்காரர்கள் கதை சொல்வேன். எங்கள் கூடத்தில் சண்டை குறைந்தது.

செங்கல்பட்டில் 1887-இலேயே சீர்திருத்தப் பள்ளி வந்துவிட்டது. 1920-இல் நாட்டிலேயே முதலில் சிறார் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம். சிறார் இல்லத்துப் பிள்ளையை அடித்தால் ஊழியருக்கே தண்டனை என்கிறது 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 82-ஆம் பிரிவு. அப்படியும் 2022 கடைசி நாளில், அதே செங்கல்பட்டின் அரசு இல்லத்தில் 17 வயதுப் பையன் இறந்தான். ஊழியர் 6 பேர் கைதானார்கள். செய்தி படித்த அன்று தழும்பைத் தடவியபடி விடியும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.