உலகத்திலேயே ஆகப் பலமான குத்து யாருடையது?



கடந்த வாரம் தரம் 10 வகுப்புக்கு ஆசிரியர் வராததால் அந்தப் பாடவேளைக்கு என்னை அனுப்பினார்கள். உள்ளே போனால் கடைசி வாங்கில் ஒரே சத்தம். என்னவென்று பார்த்தால் பொக்ஸிங் விவாதம். "சேர், டைசன்ட அடிதான் பெரிசு." "இல்ல சேர், ஃபோர்மன்." "வைல்டர் சேர், ஃபோன்ல பாருங்களேன்." எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வரலாற்று ஆசிரியர் என்றால் எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமே!

அப்போது முன் வாங்கில் இருந்த, அதிகம் பேசாத ஒரு பிள்ளை கேட்டான்: "அந்த அடிய வாங்கினவங்களுக்கு என்ன நடந்த சேர்?"

மணி அடித்துவிட்டது. இரண்டு கேள்விக்கும் எழுதிப் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். "பலமான குத்து" என்று எதைச் சொல்கிறோம்? 110 கிலோ ஆள் அடிப்பதும் 50 கிலோ ஆள் அடிப்பதும் ஒன்றாக இருக்காது. விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டால் திணிவு, வேகம் என்று கணக்குப் போட்டுக் காட்டுவார். எனவே இரண்டு கேள்வி இருக்கிறது. யாருடைய குத்து மொத்தத்தில் ஆகப் பலமானது? தன் நிறைக்கு யார் ஆகப் பலமாக அடித்தார்? பிள்ளைகள் முதலாவதை மட்டும்தான் கேட்பார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது.

நொக் அவுட் எண்ணிக்கையை வைத்து மட்டும் முடிவெடுக்கவும் முடியாது. டியோன்டே வைல்டர் ஒரு காலத்தில் 43 வெற்றியில் 42ஐ நொக் அவுட்டில் வென்றிருந்தார். கேட்க அபாரம்தான். ஆனால் டைசன் ஃபியூரியை மூன்று சண்டைகளில் நான்கு தடவை விழுத்தினார், நான்கு தடவையும் ஃபியூரி எழுந்து நின்றார். யாரை விழுத்தினாய் என்பதுதான் கேள்வி, எத்தனை பேரை என்பதல்ல.

சிறியவர்களில் இருந்து தொடங்குவோம்.

வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த ஒரு மெலிந்த பையன், பெயர் ஜிம்மி வைல்ட், பிறந்தது 1892இல். ஃப்ளைவெய்ட் எல்லை 112 இறாத்தல், அதாவது 51 கிலோ அளவு. இவர் பல சண்டைகளில் அதைவிடவும் குறைவு, 100 இறாத்தலைச் சற்றுத் தாண்டிய நிறைதான். நம் தரம் 8 பிள்ளையின் உடம்பு! ஊர்ச் சந்தைகளில் கூடாரம் போட்டு "யார் வருகிறீர்கள்" என்று சவால் விடும் பொக்ஸிங் நடக்கும். அங்கே தன்னைவிடப் பல கிலோ கூடியவர்களை இவர் தரையில் படுக்க வைத்தார். வாழ்நாளில் நொக் அவுட் மட்டும் கிட்டத்தட்ட 100. கையில் சுத்தியலோடு வரும் ஆவி என்று அவருக்குப் பட்டப்பெயர். 1916இல் உலக சம்பியன். 1923இல் பிலிப்பைன்ஸ் வீரர் பாஞ்சோ வில்லாவிடம் நியூயோர்க்கில் தோற்கும் வரை பட்டம் அவரிடமே இருந்தது.

அடுத்தடுத்த சிறிய பிரிவுகளில் ஆசியர்களை மறக்கக் கூடாது. தாய்லாந்தின் காவ்சாய் கெலக்ஸி பட்டத்தை 19 தடவை காத்தார், அதில் 16 நொக் அவுட். இப்போதைய ஜப்பானிய வீரர் நயோயா இனோவே 2018இல் பயானோவை 70 செக்கனில் முடித்ததை ஃபோனில் பாருங்கள். இரண்டே இரண்டு குத்து, அவ்வளவுதான். போர்ட்டோ ரிக்கோவின் வில்ஃப்ரெடோ கோமஸ் பட்டத்தைத் தொடர்ந்து 17 தடவை காத்தார். 17ம் நொக் அவுட்.

90களில் எங்கள் வயதுக்காரர்களுக்கு நசீம் ஹமீத்தை ஞாபகம் இருக்கும். யெமன் பெற்றோருக்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர். கயிற்றுக்கு மேலால் குட்டிக்கரணம் அடித்து உள்ளே வருவார். 57 கிலோ ஆள். 37 சண்டையில் 36 வெற்றி, அதில் 31 நொக் அவுட். காலை எங்கே வைக்கிறார், கை எங்கே இருந்து வருகிறது என்று எதிராளிக்குப் புரியவே புரியாது. கண்ணால் காணாத குத்துதான் ஆளை விழுத்தும் என்று பொக்ஸிங் பயிற்சியாளர்கள் சொல்வார்கள். ஹமீத் அதற்கு நல்ல உதாரணம்.

நடுத்தர நிறைக்கு வருவோம். என் கணக்கில் இங்கே முதலிடம் ஜூலியன் ஜெக்சன். கரீபியனில் உள்ள அமெரிக்க வேர்ஜின் தீவுக்காரர், 55 வெற்றியில் 49 நொக் அவுட். 1990 நவம்பரில் ஸ்பெயினில் ஹெரோல் கிரஹாமுடன் சண்டை. முதல் மூன்று சுற்றிலும் கிரஹாம் இவரை விளையாட்டுக் காட்டிவிட்டார். ஜெக்சனின் கண் வீங்கி மூடிவிட்டது. இன்னும் ஒரு சுற்றுத்தான், அதற்குப் பிறகு நிறுத்துவோம் என்ற நிலை. நான்காம் சுற்றில் கிரஹாம் முடித்துவிடலாம் என்று நெருங்கி வந்தார். ஒரே ஒரு வலது கை. கிரஹாம் தரையைத் தொடும் முன்பே நினைவு போய்விட்டது. தோற்றுக்கொண்டிருப்பவன் ஒரு கணத்தில் வெல்லலாம். இந்த விளையாட்டில் ஆட்களை இழுப்பதும் அதுதான், பயம் கொள்ள வைப்பதும் அதுதான்.

இதே அளவு உடம்போடு ஹெவிவெய்ட் பட்டத்தையே தூக்கியவர் பொப் ஃபிட்ஸிம்மன்ஸ். நியூசிலாந்தில் வளர்ந்த கொல்லர். சம்மட்டி அடித்து அடித்தே தோள் உருண்டவர். 1897 மார்ச் 17ஆம் திகதி கார்சன் சிட்டியில் 167 இறாத்தல் நிறையோடு ஜேம்ஸ் கோர்பட்டை எதிர்த்தார். 14ஆம் சுற்றில் நெஞ்சுக்குக் கீழே, வயிற்றின் மேல்குழியில் ஒரு இடது கை. கோர்பட்டுக்கு அறிவு தெளிவாக இருந்தது, மூச்சுத்தான் வரவில்லை. பத்து எண்ணும் வரை எழ முடியவில்லை.

இன்னொருவர் சாம் லாங்ஃபோர்ட். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்த கறுப்பினத்தவர். உயரம் ஐந்தரை அடிக்குச் சற்று மேல். லைட்வெய்ட்டில் தொடங்கி ஹெவிவெய்ட் வரை எல்லாரோடும் மோதினார். ஆனால் ஹெவிவெய்ட் உலகப் பட்டத்துக்கு ஒரு வாய்ப்புக்கூடக் கிடைக்கவில்லை. வெள்ளையர்கள் பயந்து ஒதுங்கினார்கள். முதல் கறுப்பின ஹெவிவெய்ட் சம்பியனான ஜெக் ஜோன்சனும் 1906இல் இவரை ஒருமுறை வென்றதோடு சரி, சம்பியன் ஆன பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. 2003இல் 'த ரிங்' சஞ்சிகை எல்லாக் காலத்திலும் பலமாகக் குத்திய 100 பேரின் பட்டியல் போட்டது. முதலாவது ஜோ லூயிஸ், இரண்டாவது லாங்ஃபோர்ட், மூன்றாவது நான் மேலே சொன்ன ஜிம்மி வைல்ட். பட்டமே கிடைக்காத மனிதன் இரண்டாம் இடத்தில்!

சரி, பிள்ளைகள் காத்திருக்கும் ஹெவிவெய்ட்.

ஜோ லூயிஸ் 1936இல் ஜெர்மனியின் மெக்ஸ் ஷ்மெலிங்கிடம் தோற்றார். ஹிட்லரின் ஆட்கள் அதைத் தங்கள் இனத்தின் வெற்றி என்று கொண்டாடினார்கள். 1938 ஜூன் 22ஆம் திகதி இருவரும் மீண்டும் மோதினார்கள். 124 செக்கனில் எல்லாம் முடிந்தது. லூயிஸின் சிறப்பு என்னவென்றால், கை ஓங்குவதே தெரியாது. பத்து அங்குல இடைவெளி கிடைத்தாலே போதும். பட்டத்தை 25 தடவை காத்தார். அந்தச் சாதனை ஹெவிவெய்ட்டில் இன்னும் நிற்கிறது.

ரொக்கி மார்சியானோ 49க்கு 49 வெற்றி, 43 நொக் அவுட். 1952இல் புள்ளியில் பின்னால் நின்றவர், 13ஆம் சுற்றில் ஒரே வலது கையால் வோல்கட்டைச் சாய்த்துப் பட்டம் எடுத்தார். அவருடைய நிறை 184 இறாத்தல்தான். இன்றைய ஹெவிவெய்ட்களுக்குப் பக்கத்தில் நின்றால் தம்பி மாதிரி இருப்பார்.

மைக் டைசன் 20 வயதில் சம்பியன். 1988இல் அதுவரை தோற்காத மைக்கல் ஸ்பிங்ஸை 91 செக்கனில் முடித்தார். அவரது பலம் வேகத்தில் இருந்தது. ஒன்று விழுந்து மற்றது வரும் முன் மூன்றாவது வந்துவிடும்.

ஜோர்ஜ் ஃபோர்மன் வேறு மாதிரி. வேகம் இல்லை, பாரம். 1973 ஜனவரியில் ஜமேக்காவின் கிங்ஸ்டனில், அதுவரை தோற்காத ஜோ ஃபிரேசியரை இரண்டே சுற்றில் ஆறு தடவை விழுத்தினார். ஒரு குத்தில் ஃபிரேசியரின் கால்கள் தரையை விட்டே கிளம்பின. அடுத்த வருடம் கின்ஷாசாவில் முஹம்மத் அலியிடம் தோற்றார். அதற்குச் சரியாக 20 வருடம் கழித்து, 1994இல், அன்று உடுத்திய அதே சிவப்புக் காற்சட்டையோடு வந்து, 45 வயதில், 26 வயது மைக்கல் மூரரைப் பத்தாம் சுற்றில் சாய்த்து மீண்டும் சம்பியன் ஆனார். வயது போனால் வேகம் போகும், கண் போகும், மூச்சுப் போகும். குத்தின் பலம் மட்டும் கடைசியாகத்தான் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கடைசியாக ஏர்னி ஷேவர்ஸ். பிள்ளைகள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவே இல்லை. உலக சம்பியன் ஆகாதவர். ஆறேழு சுற்றுக்குப் பிறகு களைத்துவிடுவார், அதுதான் குறை. ஆனால் சாட்சிகளைக் கேளுங்கள். லிஸ்டன், ஃபிரேசியர், ஃபோர்மன் எல்லாரிடமும் குத்து வாங்கிய முஹம்மத் அலி, ஷேவர்ஸின் குத்தே ஆகப் பலமானது என்றார். ஆபிரிக்காவில் இருக்கும் தன் சொந்தக்காரர்களுக்கும் அது விளங்கியிருக்கும் என்று தன் பாணியில் பகிடியும் விட்டார். ஷேவர்ஸ், டைசன் இருவரோடும் மோதிய லெரி ஹோம்ஸும், டைசனை விட ஷேவர்ஸ்தான் என்று சொன்னார். டைசன் நொக் அவுட் செய்தது ஹோம்ஸைத்தான், ஷேவர்ஸால் அவரை விழுத்தத்தான் முடிந்தது. அப்படியிருந்தும் அவர் அப்படிச் சொன்னார். தன்னைத் தோற்கடித்தவனை விடத் தான் தோற்கடித்தவனைப் பெரிதாகச் சொல்லும் சாட்சிக்கு மதிப்பு அதிகம். வரலாறு படிக்கும் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எனவே என் தீர்ப்பு: ஒற்றைக் குத்துக்கு ஷேவர்ஸ். பெரிய வீரர்களுக்கு எதிராகக் காட்டிய பலத்துக்கு ஃபோர்மன். தன் நிறைக்கு ஜிம்மி வைல்ட். ஏற்காதவர்கள் கொமண்டில் வாருங்கள்.

இனி அந்த அமைதியான பிள்ளையின் கேள்வி.

தாடையில் படும் குத்து தலையைச் சட்டென்று திருப்புகிறது. மண்டையோட்டுக்குள் மூளை பின்தங்கிச் சுழல்கிறது. நாம் கைதட்டும் நொக் அவுட் அதுதான். மூளை கொஞ்ச நேரம் வேலையை நிறுத்துகிறது. 1928இலேயே மார்ட்லண்ட் என்ற அமெரிக்க வைத்தியர் பழைய பொக்ஸர்களின் தள்ளாட்டத்தையும் மறதியையும் எழுதி வைத்தார்.

1982 நவம்பரில் கொரியாவின் டக் கூ கிம், ரே மன்சினியோடு மோதி 14ஆம் சுற்றில் விழுந்தார். சில நாளில் இறந்தார். இருவரும் லைட்வெய்ட், 61 கிலோ ஆட்கள். பட்டச் சண்டை 15 சுற்றில் இருந்து 12 ஆகக் குறைய அந்த மரணமே காரணம். ஜூலியன் ஜெக்சனையே இரண்டு தடவை சாய்த்த ஜெரல்ட் மெக்லெலன், 1995இல் லண்டனில் நைஜல் பென்னோடு மோதினார். முதல் சுற்றில் பென்னைக் கயிற்றுக்கு வெளியே தள்ளியவர் பத்தாம் சுற்றில் முழந்தாளிட்டார். மூளையில் இரத்தக் கட்டி. 27 வயது. பார்வை போய்விட்டது, கேட்கும் சக்தியும் பெரும்பகுதி போய்விட்டது. பிறகு சகோதரிகள்தான் பார்த்துக்கொண்டார்கள். சாம் லாங்ஃபோர்டும் கண் தெரியாமல்தான் முடிந்தார். 1944இல் ஒரு பத்திரிகையாளர் அவரைத் தேடிக் கண்டுபிடித்தது ஹார்லமில் ஓர் இருட்டறையில், கையில் காசில்லாமல்.

நம் அலி? 1977இல் ஷேவர்ஸோடு 15 சுற்றும் நின்று வென்றார். அவரது வைத்தியர் பச்சேகோ சோதனை அறிக்கையைக் காட்டி, போதும் என்றார். கேட்கவில்லை. வைத்தியர் விலகினார். அலி மேலும் நான்கு சண்டை ஆடினார். 1984இல் பார்க்கின்சன் என்று கண்டுபிடித்தார்கள். குத்துக்கள்தான் முழுக் காரணமா என்பதில் வைத்தியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் உலகத்திலேயே வேகமாகப் பேசிய அந்த வாய் மெல்ல மெல்ல மௌனமானதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், கடந்த தவணையில் நம் ஊர்ப் பிள்ளைகள் இருவர் ஃபோனில் பார்த்த குத்தை விளையாட்டுக்கு அடித்துப் பார்த்தார்கள். தாடையில் பட்ட பிள்ளை வீட்டில் சொல்லப் பயந்து இரவெல்லாம் வாந்தி எடுத்தான். அல்ஹம்துலில்லாஹ், வைத்தியசாலையில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: தலையில் அடிபட்ட பிள்ளை வாந்தி எடுத்தால், வழமைக்கு மாறாகத் தூங்கினால், தலையிடி கூடினால், பேச்சுத் தடுமாறினால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். ஏசவும் வேண்டாம், ஏசினால் அடுத்த தடவை சொல்ல மாட்டான். பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: முகத்தில் அடிப்பதை நம் மார்க்கம் தடுத்திருக்கிறது. காரணம் இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

விவாதம் பண்ணுங்கள், தாராளமாகப் பண்ணுங்கள். ஷேவர்ஸா ஃபோர்மனா என்று நானும் வருகிறேன். ஆனால் பெயர் சொல்லும்போது அடித்தவனுடைய பெயரோடு அடி வாங்கினவனுடைய பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.