இணைய விளையாட்டுக் கணக்கின் உரிமைச் சான்று: ஒரு வரலாறு

இணைய விளையாட்டுக் கணக்கு ஒன்று திருடு போனால் அதற்கு உரியவர் செய்யக்கூடியது ஒன்றுதான். விளையாட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு எழுதி, "இது என் கணக்கு" என்று மெய்ப்பிக்க வேண்டும். அவர் எழுதும் நேரத்தில் கடவுச்சொல்லும் மின்னஞ்சல் முகவரியும் பெரும்பாலும் மாற்றப்பட்டிருக்கும். கணக்கைக் கைப்பற்றியவரும் அதே பிரிவுக்கு அதே வாக்கியத்தை எழுத முடியும். சேவைப் பிரிவில் இருப்பவர் இருவரின் முகத்தையும் பார்த்ததில்லை. இருவரில் யாரை நம்புவது என்பதற்கு நிறுவனங்கள் கண்ட விடைகள் கடந்த 25 ஆண்டுகளில் பலமுறை மாறியுள்ளன. திருடர்களின் கைக்கு எட்டாத ஒன்றைச் சான்றாக வைப்பதும், சில ஆண்டுகளில் அதுவும் அவர்கள் கைக்கு எட்டுவதும்தான் இந்த வரலாற்றின் போக்கு.

தொடக்கக் காலம்

1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்னும் எழுத்து வடிவ விளையாட்டே பலர் ஒரே உலகில் ஆடும் கணினி விளையாட்டுகளுக்கு முன்னோடி. அதில் ஒரு பெயரும் கடவுச்சொல்லும் போதும். ஆடியவர்கள் சிலரே என்பதால் உரிமைத் தகராறு பெரிதாக எழ இடமில்லை.

1997இல் வந்த 'அல்டிமா ஆன்லைன்', 1999இல் வந்த 'எவர்குவெஸ்ட்' ஆகியவை மாதச் சந்தா வாங்கின. அதனால் கடனட்டை எண்ணும் அட்டையில் உள்ள பெயரும் நிறுவனத்தின் ஏட்டில் ஏறின. பணம் கட்டுபவரே உரியவர் என்ற வழக்கம் இப்படி வந்தது. அப்பாவின் அட்டையில் ஆடிய பிள்ளைக்கு இதனால் நேர்ந்த சங்கடம் சொல்லாமலே விளங்கும்: கணக்கு அப்பாவுடையது.

உறையில் ஒட்டிய எண்

சந்தா இல்லாத விளையாட்டுகளுக்கு வேறு சான்று இருந்தது. 1998இல் வெளியான 'ஹாஃப் லைஃப்' குறுந்தகட்டின் உறையில் 13 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் ஒட்டப்பட்டிருந்தது. சிடி கீ என்று அழைக்கப்பட்ட இந்த எண் திருட்டுப் பிரதிகளைத் தடுப்பதற்காக வைக்கப்பட்டது. வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பரில் 'ஸ்டீம்' தளத்தைத் தொடங்கியபோது இந்த எண்ணுக்கு இரண்டாவது வேலை கிடைத்தது. ஓர் எண்ணை ஒரு கணக்கில் ஒருமுறை மட்டுமே பதியலாம். ஆகவே எண் அச்சிட்ட காகிதத்தை வைத்திருப்பவரே கணக்குக்கு உரியவர் என்று கொள்ள முடிந்தது.

கணக்கை இழந்தவரிடம் ஸ்டீம் ஆதரவுப் பிரிவு கேட்டது வேடிக்கையாகத் தோன்றலாம். அவருடைய புகாருக்குத் தரப்பட்ட எண்ணை, சிடி கீ அச்சிட்ட ஒட்டுச்சீட்டின் மீதே பேனாவால் எழுதிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். சிடி கீயை மட்டும் தட்டச்சு செய்து அனுப்பினால் ஏற்கவில்லை. இதன் காரணம் நுட்பமானது. 13 இலக்கங்களை யாரும் பார்த்து எழுதிக்கொள்ளலாம். நண்பன் வீட்டில் உறையைப் புரட்டியவனுக்கும் அது தெரியும். ஆனால் புகார் எண் சற்று முன்புதான் பிறந்தது. அது மையால் சீட்டில் ஏறியிருந்தால், அந்தச் சீட்டு இப்போது, இந்த நிமிடம், புகார் செய்பவரின் கையில் இருக்கிறது என்று பொருள். இணையத்தில் கிடந்த பழைய படம் எதுவும் இதற்கு ஈடாகாது. மேலும், எழுதப்பட்ட சீட்டை அடுத்தவருக்கு விற்று, அவர் அதைக் கொண்டு இன்னொரு புகார் எழுப்புவதும் கடினமாகிறது. இன்றைய பாதுகாப்பு நுட்பங்களில் 'அறைகூவலும் விடையும்' என்று சொல்லப்படும் கொள்கையை ஒரு பேனாவும் துண்டுக் காகிதமும் நிறைவேற்றின. இந்த வரலாற்றில் வந்த முறைகளில் மிக எளியதும் மிக நேர்மையானதும் இதுவே எனலாம்.

உறை தொலைந்தவர்களுக்கு இது உதவவில்லை. விளையாட்டுகளை இணையத்திலேயே வாங்கித் தரவிறக்கும் வழக்கம் பரவியபோது எழுதுவதற்கு உறையே இல்லாமல் போயிற்று.

ஏடு யார் கையில்?

இதே காலத்தில் சீனாவில் இச்சிக்கல் நீதிமன்றம் வரை சென்றது. 'ஹொங்யுவே', அதாவது சிவப்பு நிலா, என்ற விளையாட்டில் இரண்டு ஆண்டுகளும் ஏறத்தாழ 10,000 யுவானும் செலவிட்ட ஓர் இளைஞர், தாம் சேர்த்த ஆயுதங்களை 2003 பிப்ரவரியில் இழந்தார். அவை எந்தக் கணக்குக்குப் போயின என்பது நிறுவனத்தின் ஏட்டில் இருந்தது. கேட்டபோது, அது இன்னொருவரின் தனிப்பட்ட விவரம் என்று நிறுவனம் தர மறுத்தது. அவர் வழக்குத் தொடர்ந்தார். அந்தப் பொருட்கள் வெறும் தரவு என்று நிறுவனம் வாதிட்டது. 2003 டிசம்பரில் பெய்ஜிங்கின் சாவ்யாங் மாவட்ட நீதிமன்றம் அவற்றைத் திருப்பித் தருமாறு உத்தரவிட்டது.

இவ்வழக்கில் கவனிக்க வேண்டியது தீர்ப்பை விடவும் சான்றின் இருப்பிடம். உரிமையைக் காட்டும் ஆவணம் வாதியிடம் இல்லை. எதிர்த்தரப்பின் சர்வரில் இருந்தது. நிலத் தகராறில் பதிவாளர் அலுவலகமே எதிர்வாதியாக நின்றால் எப்படியோ, அப்படி.

நெதர்லாந்தில் 2007இல் நடந்த நிகழ்வு இன்னும் கடுமையானது. லேவார்டன் நகரில் இரு சிறுவர்கள் 13 வயதுப் பையன் ஒருவனை அடித்து, கத்தியைக் காட்டி மிரட்டி, 'ரூன்ஸ்கேப்' விளையாட்டில் அவனிடம் இருந்த தாயத்தையும் முகமூடியையும் தங்கள் கணக்குக்கு மாற்ற வைத்தனர். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரி 31 அன்று இது திருட்டே என்று உறுதி செய்தது. அவற்றைச் சேர்க்க அவன் செலவிட்ட நேரமும் உழைப்பும், அவற்றின் மீது அவனுக்கு மட்டுமே இருந்த கட்டுப்பாடும் கணக்கில் கொள்ளப்பட்டன.

நினைவும் அடையாள எண்ணும்

காகிதத்துக்கு மாற்றாக வந்தது நினைவு. 2001இல் தொடங்கிய ரூன்ஸ்கேப், கணக்கை இழந்தவரிடம் பழைய கடவுச்சொற்கள், கணக்குத் தொடங்கிய காலம், பயன்படுத்திய இணையச் சேவை நிறுவனம், முன்பே பதிந்துவைத்த கேள்விகளுக்கான விடைகள் ஆகியவற்றைக் கேட்டது. முதல் மூன்றும் ஓரளவு பயன்பட்டன. 'உங்களுக்குப் பிடித்த உணவு எது' என்ற வகைக் கேள்விகளின் மதிப்பை 2015இல் வெளிவந்த கூகுள் ஆய்வு அளந்து காட்டியது. ஆங்கிலம் பேசுவோரிடம் இக்கேள்விக்கான விடையை ஒரே முயற்சியில் ஊகிக்க 19.7 விழுக்காடு வாய்ப்பு இருந்தது. பீட்சா என்று சொன்னால் போதும். மறுபுறம், அமெரிக்காவின் ஆங்கிலப் பயனர்களில் 40 விழுக்காட்டினர் தாம் கொடுத்த விடையைத் தேவைப்பட்டபோது நினைவுகூரவில்லை. திருடனுக்கு எளிதாகவும் உரியவருக்குக் கடினமாகவும் அமைந்த பூட்டு இது. 2011 ஏப்ரலில் சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் ஊடுருவப்பட்டபோது 7.7 கோடிக் கணக்குகளின் பெயர், முகவரி, பிறந்த நாள் போன்ற விவரங்கள் மொத்தமாக வெளியேறின. உரியவருக்கு மட்டுமே தெரியும் என்று எண்ணியவை அன்றோடு அப்படி இல்லாமல் போயின.

தென்கொரியா அரசின் அடையாள எண்ணையே நம்பியது. அங்கே குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் குடியிருப்போர் பதிவு எண் உண்டு. அதுவும் 13 இலக்கங்கள்தான் என்பது தற்செயல். விளையாட்டுத் தளங்களில் சேர அந்த எண்ணைக் கொடுப்பது வழக்கமாக இருந்ததால், சேவைப் பிரிவுக்கு உரியவரைக் கண்டறிவது எளிதாக இருந்தது. 2006இல் 'லீனியேஜ்' விளையாட்டில் ஏராளமானோர் தங்கள் பெயரில் தாங்கள் தொடங்காத கணக்குகள் இருப்பதைக் கண்டனர். அவர்களுடைய எண்கள் திருடப்பட்டு, விளையாட்டுப் பொருட்களைச் சேர்த்து விற்போரால் பயன்படுத்தப்பட்டிருந்தன. விளையாட்டையே பார்த்திராதவர் ஏட்டின்படி உரிமையாளர் ஆகிவிட்டார். 2011 நவம்பரில் நெக்சான் நிறுவனத்தின் 'மேப்பிள்ஸ்டோரி'யிலிருந்து 1.32 கோடிப் பயனர்களின் விவரம் கசிந்தது. 2012 ஆகஸ்டு முதல் இணைய நிறுவனங்கள் இந்த எண்ணைச் சேகரிப்பதற்குத் தடை வந்தது. அதன்பின் கைப்பேசி வழிச் சரிபார்ப்பு அதன் இடத்தைப் பிடித்தது.

கையில் ஒரு கருவி

2004இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' கோடிக்கணக்கில் மக்களை ஈர்த்தது. அதே அளவுக்குத் திருடர்களையும் ஈர்த்தது. பிலிசார்ட் நிறுவனம் 2008இல் சாவிக்கொத்தில் மாட்டக்கூடிய சிறு கருவி ஒன்றை 6.50 டாலருக்கு விற்றது. பொத்தானை அழுத்தினால் 6 இலக்க எண் வரும். ஒருமுறை பயன்பட்டபின் அது செல்லாது. உறை மீது பேனாவால் எழுதிய காலத்துக் கொள்கையே இங்கு வேறு உருவில் திரும்பி வந்தது: பொருள் இப்போது கையில் இருக்க வேண்டும். கருவி தொலைந்தால் அரசு அடையாள அட்டையின் படத்தை அனுப்ப வேண்டும். அதிலுள்ள பெயரும் கணக்கிலுள்ள பெயரும் ஒத்திருக்க வேண்டும். விளையாட்டுதானே என்று கற்பனைப் பெயரில் பதிந்தவர்களுக்கு இங்கே வழி அடைபட்டது.

வால்வ் நிறுவனத் தலைவர் கேப் நியூவெல் 2011 மார்ச்சில் 'ஸ்டீம் கார்டு' என்ற இருபடிச் சரிபார்ப்பை அறிமுகம் செய்தபோது தம் சொந்தக் கணக்கின் கடவுச்சொல்லைப் பொதுவில் அறிவித்தார். தெரிந்தாலும் யாரும் நுழைய முடியாது என்று காட்டுவதே நோக்கம். ஆனாலும் 2015 டிசம்பரில், மாதந்தோறும் சுமார் 77,000 கணக்குகள் கைப்பற்றப்படுவதாக அதே நிறுவனம் தெரிவித்தது. விளையாட்டுப் பொருட்களைப் பணத்துக்கு விற்கும் சந்தை வளர்ந்ததே காரணம் என்றும் அது விளக்கியது. திருடப்பட்ட பொருளின் நகலை உரியவருக்கு உருவாக்கித் தந்தால் அதே அரிய பொருள் இரண்டாகி, மற்றவர்களிடம் உள்ளதன் மதிப்புக் குறைகிறது. ஒருவருக்கு நீதி செய்வது பலருக்கு இழப்பாகும் வினோதமான சந்தை இது.

பூட்டு எவ்வளவு வலுவாக இருந்தாலும் அதைத் திறக்கும் அதிகாரம் சேவைப் பிரிவிடம் உள்ளது. 2022 ஜனவரியில் இ.ஏ. நிறுவனம், 'ஃபிஃபா 22' விளையாட்டின் முன்னணி வணிகர்களுடைய 50க்கும் குறைவான கணக்குகள் கைப்பற்றப்பட்டதை ஒப்புக்கொண்டது. திருடர்கள் கணினியை உடைக்கவில்லை. சேவைப் பணியாளர்களை மிரட்டியும் ஏமாற்றியும் இருபடிச் சரிபார்ப்பைக் கடந்தனர். இனி மின்னஞ்சல் மாற்றக் கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் மேலாளரின் ஒப்புதல் தேவை என்று நிறுவனம் அறிவித்தது. நாள் முழுதும் அழுது மன்றாடும் கடிதங்களைப் படிக்கும் பணியாளர் ஒருவரின் இரக்கமே ஓட்டையாக அமைந்துவிடுகிறது. அவர் இரக்கமற்றுப் போனாலோ, சான்றில்லாத உண்மையான உரியவர் வெளியே நிற்கிறார்.

இந்திய அனுபவம்

இந்தியாவில் இக்கேள்வியைப் பலர் ஒரே நேரத்தில் சந்தித்தது 'பப்ஜி மொபைல்' வழியாக. 2020 செப்டம்பர் 2 அன்று அது தடை செய்யப்பட்டது. 2021 ஜூலை 2 அன்று கிராஃப்டன் நிறுவனம் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா'வை வெளியிட்டபோது, பழைய கணக்கின் உடைமைகளைப் புதியதற்கு மாற்ற வாய்ப்பளித்தது. பழைய கணக்கு தம்முடையது என்று காட்டுவதற்கு, அதனோடு இணைத்திருந்த சமூக ஊடகக் கணக்கின் வழியே நுழைய வேண்டும். எதனோடும் இணைக்காமல் விருந்தினராக ஆடியவர்களிடம் காட்ட ஒன்றும் இல்லை.

மூலப் பத்திரம்

இன்று சேவைப் பிரிவுகள் கேட்பவற்றை அடுக்கிப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது: கணக்குத் தொடங்கிய மின்னஞ்சல், முதன்முதலில் வைத்த பெயர், முதல் கட்டணத்தின் ரசீது எண், முதலில் பதிந்த சிடி கீ. கூகுள் பிளே வழியாக வாங்கியிருந்தால் ஜி.பி.ஏ. என்று தொடங்கும் ஆணை எண். எல்லாமே தொடக்கத்தைப் பற்றியவை. கடவுச்சொல்லை நேற்று மாற்றியிருக்கலாம். முதல் ரசீதை மாற்ற முடியாது. நம் ஊரில் வீடு வாங்கும்போது மூலப் பத்திரத்தைக் கேட்பது போன்றது இது.

இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. கணக்கை இன்னொருவரிடம் பணம் கொடுத்து வாங்கியவர் ஆண்டுக்கணக்கில் ஆடினாலும் மூலச் சான்றுகள் விற்றவரிடமே இருக்கும். அவர் ஒருநாள் சேவைப் பிரிவுக்கு எழுதி, கணக்கு திருடு போனது என்று சொல்லித் திரும்பப் பெற்றுவிடலாம். வாங்கியவர் முறையிட முடியாது. பெரும்பாலான நிறுவனங்களின் ஒப்பந்தம் கணக்கை விற்பதையே தடை செய்கிறது.

அந்த ஒப்பந்தங்களின்படி ஆடுபவருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. கலிஃபோர்னியா மாநிலம் 2024 செப்டம்பரில் இயற்றிய சட்டம், மின்னணுப் பொருட்களை விற்போர் இதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றது. அடுத்த மாதமே ஸ்டீம் தன் கட்டணப் பக்கத்தில் அதற்கான வரியைச் சேர்த்தது. அதே ஆண்டு மே மாதம், தான் இறந்தபின் கணக்கை உயில் மூலம் வேறொருவருக்கு விட்டுச்செல்லலாமா என்று ஒரு பயனர் கேட்டதற்கு, கணக்குகளை மாற்றித் தர இயலாது என்று ஸ்டீம் ஆதரவுப் பிரிவு விடையளித்த செய்தி பரவலாகப் பேசப்பட்டது. அங்கே ரசீது, சிடி கீ, அடையாள அட்டை எல்லாம் வாரிசின் கையில் இருக்கலாம்; அவை மெய்ப்பிப்பது இறந்தவரை மட்டுமே.