உள்ளே போன வெளிச்சம்

செல்போன் டார்ச்சை ஆன் பண்ணி உள்ளங்கைக்குக் கீழே வைத்துப் பாருங்கள். விரல்கள் சிவப்பாக ஒளிரும், ஆனால் எலும்பு தெரியாது. சிவப்பு வெளிச்சம் சதையைத் தாண்டி வந்துவிடுகிறது. வழியெல்லாம் முட்டி மோதி, திசை தொலைத்துத்தான் வருகிறது. மார்பகப் புற்றுநோயை ஒளியால் தேடிய கதை முழுக்க இந்தத் தொல்லையோடு மல்லுக்கட்டிய கதைதான்.

1929-இல் நியூயார்க் மருத்துவர் மேக்ஸ் கட்லர், இருட்டறையில் மார்பகத்துக்குக் கீழே விளக்கைப் பிடித்துப் பார்த்ததை எழுதினார். நீர்க்கட்டி என்றால் வெளிச்சம் கடந்து வரும். ரத்தம் தேங்கியிருந்தால் கருநிழல். கெட்டியான கட்டிக்கும் நிழல்தான். அது சாதாரணக் கட்டியா, புற்றா என்று நிழல் சொல்லாது. போதாததற்கு விளக்கின் சூடு வேறு.

1970, 80களில் அகச்சிவப்பு, கேமரா என்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு இதே முறை திரும்பி வந்தது. மேமோகிராமோடு ஒப்பிட்டபோது சின்னக் கட்டிகளைக் கோட்டை விட்டது. மருத்துவர்கள் ஓரங்கட்டினார்கள். சரியான முடிவுதான். "ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போங்க" என்று தப்பாகச் சொல்லும் கருவி, கருவியே இல்லாததைவிட மோசம்.

1960-இலேயே தியோடர் மைமன் லேசரை உருவாக்கிவிட்டார். ஆனால் எவ்வளவு கூரான கற்றையும் சதைக்குள் சில மில்லிமீட்டரிலேயே கலைந்துவிடும். விடை இருந்தது இன்னும் பழைய இடத்தில். 1880-இல், டெலிபோன் புகழ் கிரகாம் பெல், விட்டுவிட்டு விழும் சூரிய ஒளி பட்டால் பொருள்கள் ஒலி எழுப்புவதைக் கண்டிருந்தார். வேடிக்கையான விஷயம் என்று நெடுங்காலம் கிடப்பில் கிடந்தது அது.

யோசித்துப் பாருங்கள், ஒளி உள்ளே போனால் போதும், திரும்பி வரவே வேண்டாம். நானோவினாடி லேசர் துடிப்பு ஒன்று உள்ளே போகிறது. ரத்தத்தின் ஹீமோகுளோபின் அதை உறிஞ்சி, ஒரு டிகிரியில் ஆயிரத்தில் சில பங்கு சூடாகி, விரிந்து, காதுக்கு எட்டாத ஒலியை எழுப்புகிறது. ஒலி சதைக்குள் ஒளியைப்போல் சிதறாது. வளர்கிற புற்று தனக்கென்று ரத்தக்குழாய்களை வரவழைத்துக்கொள்ளும் என்று ஜூடா ஃபோக்மன் 1971-இலேயே வாதிட்டிருந்தார். அந்தக் குழாய்கள்தான் இங்கே காட்டிக்கொடுக்கின்றன.

நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் நோயாளிகளிடம் இதைச் சோதித்தது. 2021-இல் அமெரிக்காவில் இமாஜியோ என்ற கருவிக்கு அனுமதி கிடைத்தது. இரண்டு அலைநீளங்களில் லேசரை அனுப்பி, ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் எங்கே, குறைந்த ரத்தம் எங்கே என்று பிரித்துக் காட்டும். இதை வைத்து ஊரில் எல்லாரையும் பரிசோதிக்க முடியாது. அந்த வேலை இன்னும் மேமோகிராமுடையது. கட்டி ஏற்கெனவே தெரிந்துவிட்ட பெண்ணுக்கு, ஸ்கேனோடு சேர்த்து, ஊசி குத்தி சதை எடுத்துப் பார்க்கத்தான் வேண்டுமா என்று முடிவெடுக்க உதவும்.