திறன்பேசி - கணினி ஒலிப்பதிவு இணைப்பு

திறன்பேசி - கணினி ஒலிப்பதிவு இணைப்பு என்பது, திறன்பேசி தரும் ஒலியைக் கணினியிலோ, கணினி தரும் ஒலியைத் திறன்பேசியிலோ பதிவு செய்யும் பொருட்டு இரு கருவிகளையும் இணைக்கும் முறை ஆகும். நேர்காணல், வாய்மொழி வரலாறு, நாட்டார் பாடல் சேகரிப்பு முதலிய பணிகளில் இது பயன்படுகின்றது. முதியவர் ஒருவரின் நினைவுகள் போன்றவற்றை மீண்டும் பதிவு செய்யும் வாய்ப்பு அமையாமல் போகலாம். எனவே இணைப்பு முறையை முன்னரே சோதித்து அறிதல் இன்றியமையாதது.

3.5 மி.மீ. செருகி

கணினிகளின் பழைய வகை ஒலிச்செருகி மூன்று தொடுமுனைகளைக் கொண்டது. திறன்பேசியின் செருகி நான்கு தொடுமுனைகளைக் கொண்டது. சி.டி.ஐ.ஏ. முறையில் இவை நுனியிலிருந்து முறையே இடது ஒலி, வலது ஒலி, தரை, ஒலிவாங்கி என அமைந்துள்ளன. ஓ.எம்.டி.பி. முறையில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். முறை மாறிய கம்பியைப் பயன்படுத்தினால் ஒலிவாங்கி இயங்காது.

மேசைக் கணினிகளில் வெளிர்நீலத் துளை ஒலி உள்ளீட்டையும், இளஞ்சிவப்புத் துளை ஒலிவாங்கியையும், வெளிர்பச்சைத் துளை ஒலி வெளியீட்டையும் குறிக்கும். திறன்பேசியின் ஹெட்போன் வெளியீட்டை வெளிர்நீலத் துளையில் இணைத்தல் வேண்டும்.

குறிகை அளவு

ஒலிவாங்கியின் குறிகை சில மில்லிவோல்ட் அளவினது. கணினியின் ஒலி வெளியீடோ அதனைவிட நூறு மடங்கு வரை மிகுதியாக இருக்கக்கூடும். ஆகவே கணினியின் வெளியீட்டைத் திறன்பேசியின் ஒலிவாங்கி முனையில் நேரடியாக இணைத்தால் அலைகளின் உச்சி வெட்டுண்டு ஒலி சிதையும். இச்சிதைவைப் பின்னர் முழுமையாகச் சீராக்க இயலாது.

மேலும், ஒலிவாங்கியை இயக்குவதற்காகத் திறன்பேசி அம்முனையில் ஏறத்தாழ 2 வோல்ட் நேர்மின்னழுத்தம் தருகின்றது. அங்குள்ள மின்தடையைக் கொண்டே ஒலிவாங்கி இணைக்கப்பட்டுள்ளதா என்பதையும் அது கண்டறிகின்றது. ஆண்ட்ராய்டு கருவிகளுக்கான விதிப்படி ஒலிவாங்கியின் மின்தடை 1000 ஓம் அல்லது அதற்கு மேல் இருத்தல் வேண்டும். இக்காரணங்களால் மின்தடையங்களும் மின்தேக்கியும் கொண்ட, குறிகையைக் குறைக்கும் கம்பி தேவைப்படுகின்றது. நூறில் ஒரு பங்காகக் குறைப்பது 40 டெசிபல் குறைப்பு எனப்படும்.

யு.எஸ்.பி. இணைப்பு

2016 இல் வெளியான ஐபோன் 7 இல் ஹெட்போன் துளை நீக்கப்பட்டது. பின்னர் வேறு பல திறன்பேசிகளிலும் அது கைவிடப்பட்டது. இவற்றுக்கு யு.எஸ்.பி. ஒலி இடைமுகம் ஏற்றது. இதில் ஒலி எண்முறைத் தரவாகச் செல்வதால் குறிகை அளவுச் சிக்கல் பெரிதும் குறைகின்றது. ஆண்ட்ராய்டு 5.0 (2014) முதல் யு.எஸ்.பி. ஒலிக்கருவிகளுக்கான ஆதரவு உள்ளது. மாக் கணினிகளில் மாக்ஓஎஸ் வென்சுரா (2022) முதல் ஐபோனையே ஒலிவாங்கியாகப் பயன்படுத்தலாம்.

புளூடூத் இணைப்பு

விண்டோசு 10 இன் 2004 ஆம் பதிப்பு (2020) முதல், திறன்பேசியின் இசையைப் புளூடூத் வழியாகக் கணினி பெற இயலும். எனினும் புளூடூத் ஒலிவாங்கிகள் வழக்கமாகப் பயன்படுத்தும் அழைப்பு முறையில் மாதிரி வீதம் 8 அல்லது 16 கிலோ ஏர்ட்சு அளவிலேயே அமைவதால், அது இசைப்பதிவுக்கு ஏற்றதன்று.

இரைச்சல்

இரு கருவிகளும் மின்னேற்றிகளில் இணைந்திருக்கும்போது தரை வளையம் உருவாகி, 50 ஏர்ட்சு மின்வழங்கல் உள்ள நாடுகளில் அதே அதிர்வெண்ணில் ரீங்காரம் கேட்கலாம். மடிக்கணினியை மின்கலத்தில் இயக்குவதாலோ, தனிமைப்படுத்தும் மின்மாற்றியைப் பயன்படுத்துவதாலோ இதனைத் தவிர்க்கலாம்.

பதிவு செய்யும் முறை

1. திறன்பேசியைப் பறப்பு நிலையில் வைத்தல்.
2. ஆடாசிட்டி போன்ற கட்டற்ற மென்பொருளில் சரியான உள்ளீட்டைத் தெரிவு செய்தல்.
3. உரத்த பேச்சின் உச்சம் -6 டெசிபலைத் தாண்டாதவாறு அளவை அமைத்தல்.
4. ஒரு நிமிடம் பதிந்து, மீண்டும் கேட்டுச் சரிபார்த்தல்.
5. வட்டில் போதிய இடத்தை உறுதி செய்தல். 44.1 கிலோ ஏர்ட்சு, 16 பிட் ஸ்டீரியோப் பதிவுக்கு மணிக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் தேவை.

தொலைபேசி உரையாடலைப் பதிவு செய்வதற்கான சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. உரையாடுவோர் அனைவரின் ஒப்புதலையும் முன்னரே பெறுதல் தகும்.