தவளைக் கால் தந்த படிப்பு

மின்சார இஞ்சினீயரிங் என்றால் கம்பமும் கம்பியும் பற்றிய படிப்பு என்றுதான் எங்கள் நாகமலை புதுக்கோட்டையில் பலர் எண்ணுகிறார்கள். நெஞ்சு வலிக்கும்போது டாக்டர் எடுத்துப் பார்க்கும் ஈ.சி.ஜி.யும் அதே படிப்பின் விளைவு என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

சரித்திரத்தைப் புரட்டினால் இந்த உறவு மிகப் பழையது. செத்த தவளையின் கால் உலோகம் பட்டுத் துடித்ததை 1791-ல் இத்தாலியர் கால்வானி எழுதி வெளியிட்டார். அது உடம்பிலுள்ள மின்சாரம் என்றார். உலோகங்களின் வேலையே அது என்று மறுத்த வோல்டா, 1800-ல் மின்கலத்தைச் செய்து காட்டினார். வோல்டாவின் வழியில் விளக்கும் பம்பும் வந்தன. ஆனால் கால்வானி சொன்னதும் பொய்யல்ல. ஹாலந்தில் ஐந்தோவன், காந்தத்தின் நடுவே மெல்லிய இழையொன்றை நிறுத்தி, மனித இருதயத்தின் மின்சாரத்தைப் படமாக்கினார். 1924-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் பக்கம், கிண்டிக் கல்லூரியில் மின்சார இஞ்சினீயரிங் பாடம் 1930-ல் வந்தது. மதுரைப் பிள்ளைகளுக்காகக் கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1957-ல் திருப்பரங்குன்றத்தில் இஞ்சினீயரிங் கல்லூரி தொடங்கினார்.

அங்கே கற்கும் கணக்குக்கு என்ன வேலை என்கிறீர்களா? தோலின் மேல் இருதயம் காட்டுவது சுமார் ஒரு மில்லிவோல்ட். சுவரில் இருப்பதோ 230 வோல்ட். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஒரு குழந்தையின் விசும்பலைப் பிரித்துக் கேட்பது போன்ற காரியம்! சுவர் மின்சாரத்தின் இரைச்சல் படத்தில் கலக்கக் கூடாது. அது நோயாளியைத் தொட்டுவிட்டாலோ உயிருக்கே ஆபத்து. சர்க்யூட் பாடத்தில் கொட்டாவி விடும் பிள்ளைக்கு இதை முதல் நாளே யாராவது சொல்லிவிட்டால் நல்லது.