18 கணினி, ஒரே எண்: குளோனிங் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

வண்டியூரில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருத்தர் கணினிப் பயிற்சி நிலையம் வச்சிருக்கார். மாணவர் அறையில் 17 கணினி, முன்னறையில் கட்டணம் வாங்கும் மேசையில் ஒன்று. 2019 கடைசியில் ஒரு கணினியில் விண்டோஸ் 10-லிருந்து கணக்கு மென்பொருள் வரை எல்லாத்தையும் பக்காவா நிறுவி, குளோன்சில்லா வச்சு மற்ற 17-க்கும் அப்படியே ஏத்திக் கொடுத்தவன் நான்தான். வீட்டிலிருந்தே பழுது பார்க்க ஒரு தொலை உதவி மென்பொருளையும் முதல் கணினியிலேயே போட்டு, நிரந்தரக் கடவுச்சொல்லும் கொடுத்திருந்தேன். ஒரே ராத்திரியில் வேலை முடிஞ்சுது. அப்போ பெருமையாத்தான் இருந்துச்சு.

2021 தொடக்கத்தில் ஒருநாள் தம்பி கூப்பிட்டார். "அண்ணே, ரெண்டாவது வரிசை நாலாவது மெஷின்ல பயிற்சிக் கணக்கு திறக்க மாட்டேங்குது. அந்த போல்டரை அழிச்சுட்டுப் புதுசா போட்டுருங்களேன்." திரையில் தெரிந்த எண்ணையும் படிச்சார். அந்த எண்ணைப் போட்டு உள்ளே போனேன். அதே பின்னணிப் படம், அதே பயனர் பெயர், அதே போல்டர். குப்பைத்தொட்டிக்குக்கூட அனுப்பாமல் நேரடியா அழிச்சேன். "முடிஞ்சுது தம்பி" என்றேன்.

"இங்க ஒண்ணுமே நடக்கலையேண்ணே. நீங்க இன்னும் உள்ளேயே வரலையே?"

அதுக்குள்ள முன்னறையில் இருந்த பொண்ணு மவுஸ் தானா நகருதுன்னு சத்தம் போடுவது போனிலேயே கேட்டுச்சு. நான் அழிச்சது கட்டண ரசீதுக் கணக்கு. கடைசியாக நகல் எடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

இது எப்படி நடந்ததுன்னு தோண்டப் போய்த்தான் இந்தக் கட்டுரை. அதில் பாதி வரலாறு.

90-களில் பத்துக் கணினிக்கு விண்டோஸ் போடணும்னா பத்துத் தடவை உட்காரணும். அந்த அலுப்பைத் தீர்த்தது நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருந்த பைனரி ரிசர்ச் என்ற சின்ன நிறுவனம். மர்ரி ஹாசார்ட் என்பவர் எழுதிய 'கோஸ்ட்' 1996-ல் வெளிவந்தது. 1998-ல் சிமான்டெக் அதை வாங்கியது. நம்ம ஊர் அசெம்பிளிங் கடைகளில் அது மென்பொருள் பெயராக இல்லாமல் வினைச்சொல்லாகவே மாறியிருந்தது: "கோஸ்ட் பண்ணிட்டேன் சார்."

கோஸ்ட் வட்டில் உள்ளதை அப்படியே நகல் எடுக்கும். சிக்கலும் அந்த 'அப்படியே'வில்தான். விண்டோஸ் என்டி நிறுவப்படும்போது ஒவ்வொரு கணினிக்கும் எஸ்ஐடி என்ற அடையாளத்தைத் தானே உருவாக்கிக்கொள்ளும். அதன் முக்கியப் பகுதி மூன்று 32 பிட் எண்கள். அந்தக் கணினியில் உருவாகும் பயனர் கணக்குகள் எல்லாம் இதன் வாலில் ஒரு எண்ணைச் சேர்த்துக்கொள்ளும்; நிர்வாகிக்கு 500, பின்னால் உருவாக்குபவர்களுக்கு 1000-லிருந்து. வட்டை நகல் எடுத்தால் இந்த அடையாளமும் நகலாகிவிடும்.

கல்வெட்டுப் படிக்கிறவனாக இந்த இடத்தில் எனக்குத் திருமழபாடி ஞாபகம் வரும். ராஜராஜனின் 28-ஆம் ஆட்சியாண்டில் அங்குள்ள கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணை வந்தபோது, சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள்; ராஜேந்திரன் காலத்தில் மறுபடி கல்லில் வெட்டினார்கள். இப்படி மறுபடி வெட்டும்போது இது பழைய கல்லில் இருந்ததன் படி என்று சேர்த்து வெட்டும் வழக்கமும் சோழர் காலத்தில் உண்டு. படி, தான் ஒரு படி என்று சொல்லிவிடும். குளோன் செய்த கணினி அப்படிச் சொல்லாது. தான்தான் மூலம் என்று நம்பிக்கொண்டிருக்கும்.

மைக்ரோசாஃப்ட் இதற்குக் கொடுத்த வழி சிஸ்பிரெப். நகல் எடுப்பதற்கு முன் மூலக் கணினியின் அடையாளங்களைத் துடைத்து வைக்கும் கருவி. ஆனால் நம்மில் பலர் பயன்படுத்தியது சிஸ்இன்டர்னல்ஸின் நியூசிட். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்க் ருசினோவிச் 2006-ல் மைக்ரோசாஃப்டுக்குள் போனார். 2009 நவம்பரில், ஒரே எஸ்ஐடியால் பிரச்சினை வரும் என்பதே கட்டுக்கதை என்று எழுதிவிட்டு நியூசிட்டை நிறுத்தினார். கணினியின் எஸ்ஐடி அந்தக் கணினியைத் தாண்டி வெளியே போவதில்லை என்பது அவர் வாதம். கூடவே, தனக்கென்று அடையாளம் வைத்துக்கொள்ளும் வேறு பாகங்கள் இருக்கின்றன, அதனால் சிஸ்பிரெப் வேண்டும்தான் என்றும் சொன்னார். என்னை மாதிரி ஆட்கள் முதல் பாதியை மட்டும் படிச்சோம்.

அந்த 'வேறு பாகம்' ஒன்றில்தான் நான் மாட்டினேன். 1998-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த விஎன்சி-க்குத் தொலைவில் உள்ள கணினியின் ஐபி முகவரி தெரியணும். வீட்டு இணைப்புகளில் ரவுட்டருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கணினிக்கு வெளியிலிருந்து நேராக வர முடியாது. 2005-ல் ஜெர்மனியில் தொடங்கிய டீம்வியூவரும், 2014-ல் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கிய எனிடெஸ்க்கும் இதைச் சுற்றிப் போனார்கள். ஒவ்வொரு கணினியும் தானே நடுவில் உள்ள சர்வருக்குப் போய் 'என் எண் இது' என்று பதிந்துகொள்ளும். அந்த எண்ணைக் கேட்டு வருபவரை சர்வர் கோத்துவிடும். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி.

அந்த எண் முதல் தடவை ஓடும்போது உருவாகி வட்டில் தங்கிவிடும். எனிடெஸ்க்கில் அது புரோகிராம்டேட்டாவுக்குள் 'சர்வீஸ்.கான்ஃப்' என்ற கோப்பு. டீம்வியூவரில் ரெஜிஸ்ட்ரியில் 'கிளையன்ட்ஐடி'. நகல் எடுத்தால் எண்ணும் போகும், நிரந்தரக் கடவுச்சொல்லும் போகும். 18 பேர் ஒரே டெலிபோன் எண்ணோடு எக்ஸ்சேஞ்சில் நின்றால் யாருக்கு மணி அடிக்கும் என்று உறுதியே இல்லை.

லினக்ஸிலும் இதே கதை உண்டு. 'மெஷின்-ஐடி' என்ற கோப்பைக் காலியாக்கிவிட்டுத்தான் நகல் எடுக்கணும். எஸ்எஸ்எச் சாவிகளையும் நீக்கணும், இல்லையென்றால் எல்லாக் கணினிக்கும் ஒரே சாவி. 

எனிடெஸ்க் என்றால் தீர்வு சின்னது: சர்வீஸை நிறுத்தி, அந்தக் கோப்பை அழித்து, மறுபடி தொடங்கினால் புது எண் வரும். கடவுச்சொல்லைத் திரும்ப வைக்கணும். இணையத் தொடர்பு இருக்கும்போது ஒவ்வொன்றாகச் செய்யணும். அதைவிட நல்லது, மூலக் கணினியில் இந்த மென்பொருளைப் போடாமல் நகல் எடுத்தபிறகு போடுவது. வண்டியூரில் 18 கணினியிலும் புது எண் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டினேன். பின்னணிப் படத்திலும் கணினிப் பெயரைப் பெரிசா எழுதினேன். கட்டணக் கணக்கை ரசீது அடிக்கட்டைகளைப் பார்த்து நானும் அந்தப் பொண்ணும் நாலு சாயங்காலம் உட்கார்ந்து மறுபடி ஏத்தினோம். இப்பவும் நான் அங்கே போனா, அந்தப் பொண்ணு மவுஸைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கும்.

எஸ்ஐடியை மட்டும் தொடவில்லை. அதான் கட்டுக்கதை ஆச்சே.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்ததால் ஓரளவு புதிய நாலு கணினிகளை விண்டோஸ் 11-க்கு ஏத்தினேன். மறுநாளே தம்பி போன். பகிர்ந்த போல்டர் திறக்கலை, சரியான கடவுச்சொல் கொடுத்தாலும் திரும்பத் திரும்பக் கேக்குது. தேடியபோது மைக்ரோசாஃப்டின் அறிவிப்பு கிடைத்தது: 2025 ஆகஸ்ட் 29 முதல் வந்த மேம்படுத்தல்கள், விண்டோஸ் 11-ன் 24எச்2, 25எச்2 பதிப்புகளிலும் சர்வர் 2025-லும் எஸ்ஐடியைச் சோதிக்கின்றன, இரண்டு கணினிக்கு ஒரே எஸ்ஐடி என்றால் அவற்றுக்கிடையே கெர்பராஸ், என்டிஎல்எம் சரிபார்ப்பு நடக்காது. 16 வருஷம் கழித்துக் கட்டுக்கதை உண்மையாகிவிட்டது.

சிஸ்இன்டர்னல்ஸின் பிஎஸ்கெட்சிட்டை நாலிலும் ஓட்டிப் பார்த்தேன். நாலும் ஒரே எண். நிரந்தரத் தீர்வாக மைக்ரோசாஃப்ட் சொல்வது, முறையாக சிஸ்பிரெப் செய்த நகலிலிருந்து மறுபடி நிறுவச் சொல்லித்தான். வர்ற ஞாயிறு காலையில் வண்டியூர் போறேன். இந்தத் தடவை கட்டணக் கணக்கை முதல்ல பென்டிரைவில் எடுத்து, அந்தப் பொண்ணு கையில் கொடுத்துட்டுத்தான் தொடங்கணும்.