கப்பலேறிய கசப்பு

உத்திரமேரூர்ப் பக்கத்துக் காவாந்தண்டலத்துக்காரனுக்குக் கசப்பைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்திரை பிறந்தால் வேப்பம்பூப் பச்சடி, மற்ற நாளில் சுண்டைவற்றல் குழம்பு. ஆனாலும் பெங்களூரில், கடைக்குள்ளேயே பீர் காய்ச்சி விற்கும் ஓரிடத்தில், ‘ரை இந்தியா பேல் ஏல்’ என்று செம்பழுப்பாக ஒரு கோப்பை வந்தபோது திகைத்துத்தான் போனேன். முதலில் நாரத்தைத் தோலின் மணம். அடுத்து, மிளகை லேசாகக் கடித்த காரம். விழுங்கிய பிறகுதான் கசப்பு வந்தது. வந்தது லேசில் போகவில்லை.

“பேர்ல இந்தியா இருக்கே, நம்ம ஊர்ச் சரக்கா?” என்றேன்.

“பேரு மட்டும்தான் சார்” என்று சிரித்தார் பரிமாறியவர்.

அந்தப் பெயர் கடல்வழியாக ஒட்டிக்கொண்டது. லண்டனின் கிழக்கு ஓரத்தில் ‘போ’ என்னும் பகுதியில் 1752இல் ஹாட்ஜ்சன் குடும்பத்தின் பீர் ஆலை தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் பிளாக்வால் அங்கிருந்து பக்கம். கப்பல் கேப்டன்கள் சொந்தக் கணக்கிலும் சரக்கு ஏற்றி விற்றுக்கொள்ளலாம் என்பது கம்பெனி வழக்கம். அவர்களுக்கு ஹாட்ஜ்சன் 18 மாதக் கடன் கொடுத்தார். பீப்பாய்கள் ஏறின.

பீருக்குக் கசப்பைத் தருவது ஹாப் என்னும் கொடியின் பூ. ஊறுகாய்க்கு உப்பு எப்படியோ, பீருக்கு அது அப்படி. கெடுக்கிற நுண்ணுயிர்களை அண்டவிடாது. வெயில் நாட்டுக்குப் போகும் பீரில் ஹாப்பைக் கூட்டிப் போடவேண்டும் என்பது 1760களிலேயே தெரிந்த சங்கதி. ஆகவே ஹாட்ஜ்சன் இதைப் புதிதாகக் கண்டுபிடித்தார் என்பது கட்டுக்கதை. அவருக்கு வாய்த்தவை பக்கத்துத் துறையும் தாராளக் கடனும்தான்.

சென்னையில் அப்போது துறைமுகம் இல்லை. கப்பல் கடலிலேயே நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகில் அலையைத் தாண்டிச் சரக்கைக் கரைசேர்த்தவர்கள் நம் படகோட்டிகள். குடித்தவர்கள் வெள்ளைக்காரர்கள். 1763இல் ஆற்காட்டு நவாப் கம்பெனிக்கு ஜாகிராகக் கொடுத்த செங்கல்பட்டுச் சீமையில் எங்கள் உத்திரமேரூர்ப் பக்கமும் அடக்கம். எங்கள் நெல்லின் வரியும் அந்தக் கோப்பைகளுக்குக் காசு கொடுத்திருக்கும்.

1820களில் ஹாட்ஜ்சன் ஆலைக்காரர்கள் கேப்டன்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே இந்தியாவில் விற்க முனைந்தார்கள். அதே சமயம் பர்ட்டன் ஊரின் ஆல்சாப் ஆலைக்கு, ரஷ்யா போட்ட வரியால் பழைய சந்தை அடைபட்டிருந்தது. கம்பெனி இயக்குநர் மார்ஜோரிபேங்க்ஸ் ஹாட்ஜ்சனின் பீரைக் காட்டி, இதுபோல் காய்ச்ச முடியுமா என்று ஆல்சாப்பைக் கேட்டார். முதல் சோதனை தேநீர்க் கெண்டியில் நடந்ததாகச் சொல்வார்கள். பர்ட்டன் கிணற்று நீரில் ஜிப்சம் அதிகம். கசப்பு அதில் கூர்மையாக நின்றது. 1829இல் சிட்னிப் பத்திரிகை விளம்பரத்தில் ‘கிழக்கிந்திய பேல் ஏல்’ என்ற பெயர் அச்சாகிவிட்டது.

பிறகு அந்த பீர் மங்கியது. மறுபடி தூக்கி நிறுத்தியவர்கள் அமெரிக்கச் சிற்றாலைக்காரர்கள். ஹாப்பைக் கொட்டிக் காய்ச்சிய சான்பிரான்சிஸ்கோ ஆங்கர் ஆலையின் லிபர்ட்டி ஏல் 1975இல் வந்தது. பின்னால் வந்தவர்களில் சிலர், முளைகட்டிய பார்லியோடு ரை தானியத்தையும் சேர்த்தார்கள். என் நாக்கில் பட்ட மிளகுக் காரம் அதனுடையது.

ஆனால் ரை முரண்டு பிடிக்கும் தானியம். பார்லிக்கு உமி உண்டு; வெந்நீரில் ஊறிய மாவிலிருந்து சாறு இறங்க அந்த உமியே வடிகட்டி. ரைக்கு உமி நிற்பதில்லை. களி மாதிரி பிசுபிசுத்து வடியாமல் அடைத்துக்கொள்ளும். அதற்குக் காய்ச்சுகிறவர்கள் கையாளும் வழி, கலவையில் நெல் உமியைச் சேர்ப்பது. மணம் தராது, ருசி தராது. சாற்றுக்கு வழி மட்டும் விடும்.

எங்கள் பக்கத்து அரிசி ஆலைகளின் பின்னால் குன்றாகக் குவிந்து கிடப்பதும் இதே உமிதான்.

பரிமாறியவரை மறுபடி கூப்பிட்டேன்.

“தம்பி, இதுல உமி போடுறீங்களே, அது எந்த ஊர்லேருந்து வருது?”